அரசுப் பள்ளிக்கு ஓர் ஆற்றுப்படுத்துநர்: கொங்கு வட்டாரத்துக்கான தொடக்க வழிகாட்டி

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொடர்ந்து ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. பத்தாம் நாள் அவளுடைய அமிச்சி (அம்மாவின் அம்மா) கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "காத்துக்கருப்பு ஏதோ அண்டியிருக்குதுங்க சார். கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கறமுங்க, நாலு நாள்ல தெளிஞ்சிருமுங்க" என்றார். அவள் மணிக்கட்டில் மஞ்சள் தோய்த்த கயிறு இருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "ஏங்கண்ணு, என்ன பண்ணுது?" என்று வகுப்பாசிரியர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குமேல் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றபோதுதான், அப்பா இறந்த நாளிலிருந்து ஐந்து மாதமாக அவள் இரவில் சரியாகத் தூங்கியதே இல்லை என்பது தெரிந்தது. கேட்கத் தெரிந்த ஒருவர் பள்ளியிலேயே இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே அது தெரிந்திருக்கும்.

அப்படி ஒருவரைத் தங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கொண்டுவர விரும்பும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்கள், முன்னாள் மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் இந்தப் பணிக்கு ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று பெயர். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லி அனுப்புவதைச் சங்க இலக்கியம் ஆற்றுப்படை என்றது. துன்பத்தோடு வரும் பிள்ளையின் பேச்சைக் கேட்டு, தன்னால் ஆவதைத் தான் செய்து, தன்னால் ஆகாததற்கு உரிய இடத்துக்கு வழிகாட்டி அனுப்புவதே பள்ளியில் இவர் செய்ய வேண்டிய வேலை என்பதால், ‘கவுன்சிலர்’ என்பதைவிட இந்தச் சொல்லையே நான் பயன்படுத்துகிறேன்.

தேவையைக் கணக்கிடுதல்

யாரிடம் உதவி கேட்கப் போனாலும் முதலில் வரும் கேள்வி, "உங்கள் பள்ளியில் அப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?" என்பதுதான். அதற்கு விடை வைத்துக்கொண்டு போக வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 400 பேர் படிக்கும் பள்ளியில் இந்த விகிதப்படி 29 பேர் இருக்கக்கூடும். ஏறத்தாழ ஒரு வகுப்பறை நிறையும் எண்ணிக்கை இது. வீட்டுச் சண்டை, தந்தையின் குடி, தேர்வு பயம், இழப்பின் துயரம் என்று நோய் என்ற பெயர் பெறாத சுமைகளோடு வருபவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அடுத்து, உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுங்கள். எந்தக் கேள்வித்தாளையும்விட அது அதிகம் சொல்லும். கடந்த மூன்று மாதப் பக்கங்களை வகுப்பு வாரியாகப் புரட்டி, மாதத்தில் ஐந்து நாளுக்குமேல் வராதவர்கள், திங்கட்கிழமைகளில் மட்டும் வராதவர்கள், திருப்புதல் தேர்வு தொடங்கும் நாளிலிருந்து வராதவர்கள் என்று மூன்று பட்டியல் எழுதுங்கள். பனியன் கம்பெனி வேலைக்குப் பெற்றோர் போகும் ஊர்களில் சனிக்கிழமை மாலை வாரக் கூலி வரும். அந்த இரவும் மறுநாளும் சில வீடுகளில் எப்படிக் கழிகின்றன என்பதைத் திங்கட்கிழமைப் பக்கம் காட்டிக்கொடுப்பதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பட்டியலில் உள்ள பெயர்களை வெளியே கொடுக்க வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும்.

ஆசிரியர் ஒருவரின் தலையில் சுமத்தாதீர்கள்

இந்த இடத்தில் பெரும்பாலான பள்ளிகள் தவறு செய்கின்றன; நானும் செய்தேன். பிள்ளைகளிடம் அன்பாகப் பழகும் அறிவியல் ஆசிரியை ஒருவரை அழைத்து, "இனி ஆலோசனை வேலையையும் நீங்களே பாருங்கம்மா" என்று ஒப்படைத்தேன். வாரத்துக்கு 28 பாடவேளை, விடைத்தாள் திருத்தம், மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவு எல்லாவற்றுக்கும் மேல் இதுவும் அவருக்கு வந்து சேர்ந்தது. மூன்றே மாதத்தில் அவர் சோர்ந்து போனார். அதைவிட முக்கியமாக, அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவரிடமே போய்த் தன் வீட்டுச் சண்டையைச் சொல்ல எந்தப் பிள்ளையும் முன்வரவில்லை.

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்று இதையே தெளிவாகக் காட்டியது. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த அந்த ஆய்வில், ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் அங்குள்ள ஆசிரியர்களும், வேறு சில பள்ளிகளில் இதற்கெனவே பயிற்சி பெற்று அமர்த்தப்பட்ட, உளவியல் பட்டம் இல்லாத ஆலோசகர்களும் நடத்தினார்கள். தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் மாணவர்களுக்குள் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வசதி குறைந்த பள்ளிகளுக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. வேலைக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்பது ஒன்று. அந்த ஆள் பெரிய பட்டதாரியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பயிற்சியும் மேற்பார்வையும் சரியாக இருந்தால் போதும் என்பது மற்றொன்று.

ஆசிரியர்களுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாற்றத்தைக் கவனிப்பதும் உரியவரிடம் சொல்வதும் அவர்களுடைய பங்கு. நன்றாகப் படித்த பிள்ளையின் கையெழுத்து திடீரென்று சிதைவது, மதிய உணவை ஒதுக்குவது, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, நெருங்கிய தோழியோடு பேசாமல் இருப்பது போன்றவற்றை வகுப்பாசிரியரைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது.

நான்கு பள்ளிக்கு ஒருவர்

விசாகப்பட்டினத்தில் பயிற்சி மைய மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றும், அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியே உள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் அதில் உள்ளது. எல்லா ஆசிரியர்களுக்கும் பிற பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை உளவியல் முதலுதவிப் பயிற்சி தரவேண்டும் என்பதும் அதில் அடங்கும். உங்கள் தீர்மானங்களிலும் மனுக்களிலும் இந்தத் தேதியையும் இந்த வாசகத்தின் சாரத்தையும் தவறாமல் எழுதுங்கள். ஒரு கிராமத்துப் பெற்றோர் கேட்கும் உதவி என்ற நிலையிலிருந்து, நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்னதைக் கேட்கிறோம் என்ற நிலைக்கு உங்கள் கோரிக்கை அப்போது உயரும்.

ஆனாலும் பணியிடம் அனுமதிக்கப்பட்டு ஆள் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆகவே பக்கத்துப் பக்கத்தில், ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கும் மூன்று அல்லது நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் முறை. செவ்வாய் ஒரு பள்ளி, புதன் ஒரு பள்ளி என்று நாள் பிரிக்கும்போது, அந்த நாள் எக்காரணத்தாலும் மாறக்கூடாது. "புதன்கிழமை அக்கா வருவாங்க" என்பது ஒரு பிள்ளைக்கு ஆறு நாள் பொறுத்துக்கொள்ளும் பலத்தைத் தரும். அந்தப் புதன்கிழமை அக்கா வராவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வராது. வாரத்தின் ஐந்தாம் நாளை வீடு பார்த்தல், மருத்துவமனைக்கு உடன் செல்லுதல், குறிப்பு எழுதுதல் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள்.

முதல் செயலாக, நான்கு பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களும் தத்தம் மாதக் கூட்டத்தில் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றட்டும். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி அமைந்த இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்; எனவே கோரிக்கை ஊரின் குரலாகவே பதிவாகும். தீர்மான நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, வெளி ஆள் ஒருவர் பள்ளிக்குள் பணிபுரிவதற்கான எழுத்து வடிவிலான அனுமதியைப் பெற்ற பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். வாய்மொழி அனுமதியை நம்பித் தொடங்கிய ஒரு முயற்சி, அலுவலர் மாறியதும் ஒரே நாளில் நின்றுபோனதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பணம்

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். மாதச் சம்பளம் 25,000 ரூபாய், மேற்பார்வையாளருக்கு 3,000 ரூபாய், பயணமும் தொலைபேசியும் எழுதுபொருளும் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். நான்கு பள்ளிகளிலும் சேர்த்து 1,600 பேர் படித்தால் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 225 ரூபாய் ஆகிறது. இந்த 225 என்ற எண்ணைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இந்தத் தொகையை ஒரே இடத்தில் கேட்கத் தயங்க வேண்டாம். நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் நூற்பாலைகளும் பின்னலாடை ஆலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் கோழித்தீவன ஆலைகளும் நிறைந்திருக்கும்போது, நம் பிள்ளைகளின் பெற்றோர் உழைக்கும் ஆலையிடமே கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்களுடைய கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குவதால் டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே மனு கையில் சேர வேண்டும். ஓராண்டுக்கு மட்டும் கேட்காதீர்கள், மூன்றாண்டுக்குக் கேளுங்கள். பிள்ளைகள் நம்பிப் பேசத் தொடங்கும் நேரத்தில் ஆளை நிறுத்துவதைவிட, ஆளைக் கொண்டுவராமலே இருப்பது நல்லது.

வகுப்பறையும் கழிப்பறையும் கட்டித்தர ஆள் உண்டு, கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம் என்பதால். சம்பளத்துக்குக் கொடுக்கப் பலர் தயங்குவார்கள். அவர்களிடம் பொறுமையாக விளக்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கான கொடைகளைப் பெறுவதற்காக 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ அமைப்பையும், வெளிநாடுகளில் இருக்கும் முன்னாள் மாணவர்களையும் இதே நேரத்தில் அணுகலாம்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்திலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் உளவியலும் சமூகப் பணியும் முதுகலையில் கற்பிக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் படித்து வெளியே வருகிறவர்களில் பலர், குறிப்பாகத் திருமணமாகி ஊரோடு தங்கிவிட்ட பெண்கள், படிப்புக்குத் தொடர்பில்லாத வேலையில் இருக்கிறார்கள். அல்லது வீட்டில் இருக்கிறார்கள். துறைத்தலைவர்களுக்குக் கடிதம் எழுதினால் பெயர்கள் கிடைக்கும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பயணச் செலவும் குறையும்.

பட்டங்களின் வேறுபாட்டைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர். அந்தப் பதிவு இல்லாத ஒருவர் அப்படித் தன்னைச் சொல்லிக்கொண்டால் எச்சரிக்கையாக இருங்கள். நமக்கு நாள்தோறும் தேவைப்படுபவர் இந்த இருவரும் அல்லர். உளவியலில் முதுகலை முடித்து ஆலோசனைப் பயிற்சி பெற்றவர், அல்லது மருத்துவ-மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு சமூகப் பணியில் முதுகலை முடித்தவர் போதும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சமூகப் பணி படித்தவரையே எடுப்பேன். தறிக்கூடத்துக்குப் போய் அம்மாவைச் சந்திக்கவும், வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கித் தரவும், காவல் நிலையத்தில் தயங்காமல் பேசவும் அவர் பழகியிருப்பார். நம் பள்ளிகளில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

நேர்காணலில் பாடக் கேள்வி வேண்டாம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "ஒரு பெண் உங்களிடம் வந்து, ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா, அப்பத்தான் சொல்லுவேன்’ என்கிறாள். சத்தியம் செய்வீர்களா?" என்பது நான் தவறாமல் கேட்கும் கேள்வி. செய்வேன் என்பவரும், உடனே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுவேன் என்பவரும் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள். "நீ சொல்வதை நான் பரப்ப மாட்டேன், ஆனால் உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், உன்னை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலும், உன்னைக் காப்பாற்றத் தேவையானவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே சொல்வேன்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய மற்றக் குறைகளை நீங்கள் பயிற்சியில் சரிசெய்துகொள்ளலாம்.

தேர்ந்தெடுத்த பிறகு காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் (போக்சோ) சட்டத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளருக்கும் இதை வலியுறுத்துகின்றன. தெரிந்த வீட்டுப் பிள்ளை, உறவுக்காரர் என்பதற்காக இதைத் தளர்த்தாதீர்கள். ஒப்பந்தத்தைப் பத்து மாதத்துக்கு எழுதாமல் பன்னிரண்டு மாதத்துக்கு எழுதுங்கள். அதற்கான காரணத்தைத் தேர்வு முடிவுகள் பற்றிச் சொல்லும்போது காண்பீர்கள்.

சமூகப் பணிக் கல்லூரிகளின் மாணவர்கள் வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குச் செல்கிறார்கள். உங்கள் ஆற்றுப்படுத்துநருக்குத் துணையாக அவர்களை அழைக்கலாம். அவர்களை மட்டுமே நம்பி, தனியே கடினமான பிள்ளைகளைக் கையாள விடக்கூடாது.

அறை

பெரும்பாலான பள்ளிகளில் கிடைப்பது விளையாட்டுச் சாமான் போட்டு வைத்த அறைதான். எங்களுக்கும் அதுவே கிடைத்தது. கிழிந்த வலையையும் துருப்பிடித்த வளையங்களையும் வெளியே எடுத்துப் போட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். மேசையை எடுத்துவிட்டு இரண்டு நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாகப் போட்டோம். கதவின் மேல்பகுதியில் கண்ணாடி வைத்தோம். உள்ளே இருவர் இருப்பது வெளியே தெரிய வேண்டும், பேசுவது கேட்கக்கூடாது. ஒரு மண்பானைத் தண்ணீர், ஒரு டம்ளர், ஒரு கடிகாரம். கதவுக்கு மேலே என்ன எழுதுவது என்று பேச்சு வந்தபோது, ‘மனநல அறை’ என்று எழுதினால் ஒரு பிள்ளையும் வராது என்று சத்துணவுக் கூடத்தில் வேலை செய்த அம்மா சொன்னார். அவர் சொன்னதே சரி என்று பட்டதால் ‘நூலக அறை 2’ என்று எழுதி, உண்மையிலேயே ஓர் அடுக்கு நிறையப் புத்தகமும் வைத்தோம். பிள்ளைகள் புத்தகம் எடுக்க வருவதுபோல் வந்தார்கள்.

அடுத்து எங்கே அனுப்புவது

ஆற்றுப்படுத்துநர் வந்த முதல் மாதத்திலேயே ஒரு தாளில் அனுப்பும் வழிகளை எழுதித் தலைமையாசிரியர் அறையில் ஒட்டிவிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் எந்த நாள் எந்த அறையில் இருக்கும், உங்கள் வட்ட மருத்துவமனைக்கு எந்த நாள் வரும் என்பதை நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்குள்ள மனநலத் துறையில் ஒருவரோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அந்தக் குழுவில் உள்ள உளவியலாளரோ சமூகப் பணியாளரோ மாதத்துக்கு ஒரு முறை உங்கள் ஆற்றுப்படுத்துநரோடு உட்கார்ந்து, அவர் கையாளும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் அதுவே மேற்பார்வை. இது இல்லாமல் ஒருவரை வேலை செய்ய விடுவது அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. நாள் முழுவதும் பிறர் துயரைக் கேட்கிறவருக்குத் தன் மனத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்.

தொலைபேசி எண்களில் மூன்று போதும்: மனநல உதவிக்கு 14416, குழந்தைப் பாதுகாப்புக்கு 1098, மருத்துவ ஆலோசனைக்கு 104. இவற்றில் 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை. இருபது மொழிகளில் பேசலாம். திருப்பூர், பெருந்துறைப் பகுதிப் பள்ளிகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழில் கணக்குப் போடப் பழகிய பிள்ளையும் அழும்போது தாய்மொழியில்தான் அழும். அவர்களுக்காகவேனும் இந்த எண்ணை எல்லா வகுப்பறைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

பாலியல் வன்முறை பற்றி ஒரு பிள்ளை சொன்னாலோ, அப்படி நடந்திருக்கும் என்று தோன்றினாலோ, 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரிய குற்றம். "ஊர்ப் பெயர் கெட்டுப்போகுமுங்க, பெரியவங்களை வெச்சுப் பேசி முடிச்சுக்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் வருவார்கள். அவர்களை உட்காரவைத்து மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் அவர்கள் எழுந்து போவதற்குள் 1098-க்கு அழைத்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பது தெரிந்தாலும் இதே எண்தான்.

மூன்றாண்டு படித்தும் எழுத்துக் கூட்ட வராத பிள்ளையை மக்கு என்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்பினால் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு வழி பிறக்கும்.

பெற்றோரிடம் பேசுதல்

கூட்டம் போட்டு அழைத்தால் வருவது எட்டுப் பேர். தறி ஓட்டுகிறவர் தறியை நிறுத்திவிட்டு வரமாட்டார். நூற்பாலை ஷிப்டில் இருக்கும் அம்மா பகலில் தூங்குவார். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். முதல் சந்திப்பில் ‘மனநோய்’, ‘சைக்காலஜி’ போன்ற சொற்களைத் தவிர்த்து, "பாப்பா ராத்திரி தூங்கறதில்லையாமா, சோறும் சரியா இறங்கறதில்லை; ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டலாமுங்களா?" என்று உடம்பிலிருந்து தொடங்கினால் காது கொடுத்துக் கேட்பார்கள். கோயில் கயிற்றைப் பழித்துப் பேச வேண்டாம். நான் முதலில் சொன்ன அமிச்சியிடம் எங்கள் ஆசிரியை, "கயிறு அப்படியே இருக்கட்டுமுங்கம்மா, மாத்திரையும் சேந்து இருக்கட்டும்" என்றார். அவர் அதற்கு ஒப்புக்கொண்டார். பேத்திக்கு மாத்திரை கொடுப்பதை ஒரு நாளும் மறக்கவில்லை.

மலைப் பள்ளிகள்

தாளவாடி, கடம்பூர், பர்கூர், கொல்லிமலை, வால்பாறைப் பகுதிகளின் சிறு பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் முறை நடைமுறைக்கு ஒத்துவராது. மாதத்தில் தொடர்ச்சியாக இரண்டு நாள் தங்கும் முறையை அங்கே கையாளலாம்; இடைப்பட்ட நாள்களில் உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பயிற்சி கொடுத்து அமர்த்தலாம். தாளவாடியில் கன்னடமும் பழங்குடிக் குடியிருப்புகளில் அவரவர் பேச்சும் புழங்குவதால், அந்தப் பெண்ணின் பட்டத்தைவிட அவர் பேசும் மொழியே முக்கியம். பள்ளித் தொலைபேசியில் கீழே இருக்கும் ஆற்றுப்படுத்துநரோடு வாரம் ஒரு முறை பேச நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு முடிவு வாரம்

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் பெரும்பாலும் மே மாதத்தில், பள்ளி பூட்டியிருக்கும்போது வருகின்றன. பிள்ளைகள் வீட்டில் தனியாக இருக்கும் நேரம் அது. பத்து மாத ஒப்பந்தத்தில் இருக்கும் ஆற்றுப்படுத்துநர் அப்போது இருக்கமாட்டார். அதனால்தான் பன்னிரண்டு மாதம் என்றேன். முடிவு வரும் நாளுக்கு முன்பே, தேறுவது கடினம் என்று ஆசிரியர்கள் நினைக்கும் பிள்ளைகளோடு, மிக உயர்ந்த மதிப்பெண்ணை எதிர்பார்க்கும் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பட்டியல் தயாரியுங்கள். எதிர்பார்த்தது கிடைக்காத முதல் மாணவரின் மனம் உடைவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டியலை ஆசிரியர்களுக்கு ஆளுக்கு ஆறு பேர் என்று பிரித்துக் கொடுங்கள். முதல் நாள் மாலையே பெற்றோரை அழைத்து, "நாளைக்குப் பிள்ளையைத் தனியா விட்டுடாதீங்க, மார்க் எதுவானாலும் திட்டாதீங்க, துணைத்தேர்வு அடுத்த மாசமே இருக்குதுங்க" என்று சொல்ல வேண்டும். முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஆறு பேருக்கும் மீண்டும் அழைப்பு போக வேண்டும். எடுக்காத வீட்டுக்கு ஆள் போக வேண்டும்.

பதிவும் நிரந்தரப் பணியிடமும்

பிள்ளைகளின் பெயருக்குப் பதில் எண் இட்டுக் குறிப்பு எழுதி, பூட்டுள்ள பீரோவில் வையுங்கள். எமிஸ் தளத்திலோ மாற்றுச் சான்றிதழிலோ இது பற்றி ஒரு சொல்லும் ஏறக்கூடாது. ஆசிரியர் அறைப் பேச்சிலும் வரக்கூடாது. வெளியே காட்ட வேண்டியவை எண்ணிக்கைகள் மட்டுமே: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தார்கள், நீண்ட நாள் வராத எத்தனை பேர் திரும்ப வந்தார்கள். முதலில் எழுதிய மூன்று பட்டியலை ஆண்டுதோறும் மறுபடி எழுதி ஒப்பிடுங்கள்.

இரண்டாண்டுக் கணக்கு கையில் சேர்ந்ததும், கொடையாளரின் பணத்தில் என்றென்றும் இது நடக்க முடியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, அரசுப் பணியிடம் கேட்கத் தொடங்குங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். அதையும் நான்கு பள்ளிகளின் தீர்மானங்களையும் எண்ணிக்கைத் தாளையும் சேர்த்துச் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுங்கள். ஒரு மனு நகராது; ஒரே மாவட்டத்தில் இப்படிச் சேர்ந்த பத்துப் பள்ளித் தொகுப்புகள் ஒரே கோரிக்கையை எண்ணிக்கையோடு வைத்தால் கோப்பு நகரும்.

அதற்கிடையில் உங்கள் ஆற்றுப்படுத்துநர் வேறு நல்ல வேலை கிடைத்துப் போக நேரலாம். போவது தெரிந்ததும் குறைந்தது நான்கு வாரம் முன்னதாகவே அவர் சந்திக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தானே அதைச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் புதியவரும் அதே அறையில், மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும். எந்தப் பிள்ளையின் குறிப்பைப் புதியவர் படிக்கலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டு, அதன் பிறகு தலைமையாசிரியர் முன்னிலையில் பீரோச் சாவியைக் கைமாற்றுங்கள்.